லேடி மேக்பெத்தைக் கேட்டது போதும், மேக்பெத்தைக் கேளுங்கள்

கலைக் கல்லூரிகளின் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்கும், செமஸ்டர் தேர்வுக்குக் கேள்வித்தாள் எடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

இளங்கலை வகுப்பில் ஷேக்ஸ்பியர் தாள் எடுக்கும் ஆசிரியை நான். உங்களிடம் கேட்க வந்தது சின்ன விஷயம்தான். ஆனால் ஏன் கேட்கிறேன் என்று சொல்வதற்கு நாலைந்து நாடகங்களுக்குள் போய்வர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

“லேடி மேக்பெத் நான்காவது சூனியக்காரியா?” என்ற கேள்வியைப் பார்க்காமல் பட்டம் வாங்கிய ஆங்கில இலக்கிய மாணவர் நம் பக்கம் அபூர்வம். கைடில் அதற்கு ரெடிமேட் விடை இருக்கிறது. கூடவே கிளியோபாட்ராவின் குணச்சித்திரம், ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவின் களங்கமின்மை, ஷேக்ஸ்பியரின் பெண் பாத்திரங்கள் என்று ஒரு வரிசை. ஆண்களிடம் வந்ததும் கேள்வியின் தொனி மாறிவிடுகிறது. மேக்பெத்தின் பேராசை, ஹாம்லெட்டின் தயக்கம், ஒதெல்லோவின் பொறாமை. பெண் செய்தால் அது பெண் குணம், ஆண் செய்தால் அது மனித குணம் என்று எப்படியோ முடிவுகட்டி வைத்திருக்கிறோம். ஆம்பளை என்று பேர் எடுப்பதற்காக மேக்பெத் என்னென்ன செய்தான் என்ற கேள்வியை நான் பார்த்த எந்தக் கேள்வித்தாளிலும் கண்டதில்லை. நாடகமோ அதைத்தான் முதலிலிருந்து கடைசிவரை நச்சரித்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

முதல் அங்கம் ஏழாம் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே டங்கன் மன்னர் விருந்தில் இருக்கிறார். அவரைக் கொன்று பட்டத்துக்கு வருவதுதான் தளபதி மேக்பெத்துக்கும் மனைவிக்கும் திட்டம். மேக்பெத் பந்தியிலிருந்து எழுந்து வெளியே வந்து நிற்கிறான். வந்திருப்பவர் உறவுக்காரர், அரசர், வீட்டுக்கு வந்த விருந்தாளி. கொல்ல ஒரு நியாயமும் இல்லை என்று தனக்குத்தானே கணக்குப் போட்டு முடித்துவிட்டான். மனைவி வந்ததும் ‘இதற்கு மேல் இந்த வேலை வேண்டாம்’ என்கிறான். அவள் அவனுடைய கணக்கு எதற்கும் பதில் சொல்வதில்லை. கோழையாகவே வாழப்போகிறாயா என்று கேட்கிறாள். அதற்கு அவன் சொல்வது இந்த நாடகத்திலேயே தெளிவான வாக்கியங்களில் ஒன்று: ‘ஓர் ஆணுக்கு எது தகுமோ அதையெல்லாம் செய்யத் துணிவேன். அதற்கு மேல் துணிகிறவன் ஆணே இல்லை.’

ஆண்மைக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் ஆண்மை போய்விடும் என்கிறான். அவள் அந்த எல்லையைத்தான் பிடுங்கி எறிகிறாள். ‘இதைச் செய்யத் துணிந்தபோதுதான் நீ ஆண். இன்னும் மேலே போனால் இன்னும் அதிக ஆண்.’ நம் ஊர்த் தெருச்சண்டையில் ‘நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?’ என்று விழும் அதே கேள்விதான், ராஜபாட்டையில் வருகிறது. ஒரு பக்கம்கூட நகர்வதற்குள் அவன் தன் வரையறையைக் கைவிட்டு அவளுடையதை எடுத்துக்கொள்கிறான். ‘ஆண் பிள்ளைகளையே பெற்றெடு’ என்று அவளைப் பாராட்டவும் செய்கிறான். கொலை முடிவாகிவிட்டது. நம் விடைத்தாள்களில் இந்த இடத்துக்கு ‘மனைவியின் தூண்டுதல்’ என்று தலைப்பு. தூண்டியது அவள்தான், சரி. ஆனால் எதைத் தொட்டுத் தூண்டினாள்? பேராசையைத் தொட்டிருந்தால் அவன் மறுத்திருப்பான். அதை ஏற்கெனவே மறுத்துவிட்டுத்தான் நிற்கிறான்.

அப்புறம் நடப்பது இன்னும் சுவாரசியமானது. இந்த ஆயுதம் வேலை செய்கிறது என்று கண்டுகொண்டவன், மூன்றாம் அங்கத்தில் அதை மற்றவர்கள் மேல் பிரயோகிக்கிறான். தன்னோடு போரிட்ட தளபதி பாங்க்வோவைக் கொல்ல அமர்த்திய ஆட்கள் ‘நாங்களும் ஆண்கள்தான் ராஜா’ என்கிறார்கள். ‘ஆமாம், பட்டியலில் நீங்களும் ஆண்கள்தான். வேட்டை நாய், ஓநாய்க்குப் பிறந்த நாய், தெரு நாய் எல்லாவற்றுக்கும் நாய் என்றுதானே பேர்’ என்கிறான் மேக்பெத். அந்தப் பட்டியலில் கடைசி வரிசை ஆண் நீ இல்லையென்றால் நிரூபி என்பதுதான் பேரம். மனைவி தன்னிடம் செய்ததை வார்த்தை பிசகாமல் கூலியாட்களிடம் செய்கிறான். ஆண்மை இந்த நாடகத்தில் மேலிடத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகும் ஒரு மிரட்டல்.

விருந்துக் காட்சியில் அதே ஆயுதம் மழுங்கிப்போகிறது. பாங்க்வோவின் ஆவி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மேக்பெத் நடுங்குகிறான். அவள் பழையபடி ‘நீ ஆணா?’ என்று கேட்கிறாள். இந்தத் தடவை பலிக்கவில்லை. அவன் ஆவியிடம் சவால் விடுகிறான்: ரஷ்யக் கரடியாக வா, காண்டாமிருகமாக வா, புலியாக வா, பாலைவனத்தில் வாளோடு வா, அப்போது நடுங்கினால் என்னைச் சிறு பெண்ணின் பொம்மை என்று சொல். ஆவி மறைந்ததும் ‘போய்விட்டது, மறுபடி நான் ஆண்’ என்கிறான். யோசித்துப் பாருங்கள். ஆவி வந்தால் ஆண்மை போய்விடுகிறது, ஆவி மறைந்தால் திரும்பி வருகிறது. இவன் ஆண்மையின் கதி இவ்வளவுதான். நாட்டைப் பிடித்துவிட்டான், இதைப் பிடிக்க முடியவில்லை.

இனி லேடி மேக்பெத். அவளைக் கேட்டது போதும் என்று தலைப்பில் எழுதியிருந்தாலும் அவளைத் தாண்டிப் போக முடியாது. தன் பெண் தன்மையைக் களைந்துவிடும்படியும், மார்பிலுள்ள பாலைப் பித்தநீராக மாற்றும்படியும் அவள் ஆவிகளை வேண்டுவதை எல்லோரும் மனப்பாடமாக எழுதுகிறார்கள். அதே நாடகத்தில் இரக்கத்தின் பால் நிறைந்திருப்பதாகச் சொல்லப்படுவது யாரிடம்? அவள் கணவனிடம். அதைச் சொல்பவளும் அவளே. ஆவிகளை வேண்டிக்கொண்ட பிறகும், தூங்கும் டங்கனின் முகத்தில் தன் அப்பாவின் ஜாடை தெரிந்ததால் அவளால் குத்த முடியவில்லை. கொடுமை ஆணுக்கு, இரக்கம் பெண்ணுக்கு என்று பிரித்துக்கொடுத்தது அவர்கள் வாழ்ந்த உலகம். உடம்பு அந்தப் பங்கீட்டுக்கு ஒத்துழைக்க மறுப்பதுதான் இருவருடைய சிக்கலும். அவளை நான்காவது சூனியக்காரி ஆக்கிவிட்டால் இது எதையும் பார்க்க வேண்டியதில்லை, அதுதான் அந்தக் கேள்வியில் உள்ள வசதி. போகட்டும், அசல் சூனியக்காரிகள் மூவரையும் பார்த்ததும் பாங்க்வோ சொல்வது என்ன? ‘பெண்களாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் உங்கள் தாடி அப்படிச் சொல்ல விடவில்லையே.’ ஆண் எது பெண் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாத உலகத்துக்குள்தான் நாடகம் நம்மைக் கூட்டிப்போகிறது. அந்தத் தாடியைப் பற்றி ஒரு ஐந்து மார்க் கேள்வி கேட்டால் குடியா முழுகிவிடும்?

நாலாம் அங்கம் மூன்றாம் காட்சிக்கு வருகிறேன். என் கோரிக்கைக்கு அதுதான் ஆதாரம். இங்கிலாந்தில் டங்கனின் மகன் மால்கமோடு இருக்கும், மேக்பெத்தை எதிர்க்கும் பிரபு மேக்டஃபிடம் ராஸ் வந்து செய்தி சொல்கிறான்: மேக்பெத்தின் ஆட்கள் உன் கோட்டையில் புகுந்துவிட்டார்கள், மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் வெட்டிவிட்டார்கள். மேக்டஃப் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொள்கிறான். ‘பிள்ளைகளுமா?’ என்கிறான். பதில் வருகிறது. ‘மனைவியுமா?’ என்கிறான். மறுபடி பதில் வருகிறது. அதற்குப் பிறகும் ‘எல்லோருமா? எல்லோரும் என்றா சொன்னாய்?’ என்று கேட்கிறான். மால்கம் இளவரசன், சின்ன வயது, அவசரக்காரன். ‘ஆணைப் போல இதை எதிர்கொள்’ என்கிறான். மேக்டஃப் சொல்கிறான்: ‘எதிர்கொள்வேன். ஆனால் ஆணைப் போல இதை உணரவும் வேண்டும்.’

இந்த வரியை வகுப்பில் படித்தபோது கடைசி பெஞ்ச் மாணவர் ஒருவர், “மேடம், இவர் அழறதுக்கே பர்மிஷன் கேக்கறாரு” என்றார். எந்த விமர்சகர் சொன்னதையும்விட எனக்கு அது பிடித்திருந்தது. வகுப்பு கொஞ்ச நேரம் பாடத்தை விட்டு எங்கெங்கோ போனது. அப்பா அழுது பார்த்ததே இல்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். தாத்தா செத்தபோது பெரியப்பா ஆம்பளைப் பிள்ளை அழக்கூடாது என்று தோளைப் பிடித்து உலுக்கியதை ஒருவர் சொன்னார். நான் மேக்பெத்துக்குத் திரும்பக் கூப்பிடவில்லை, அவர்கள் மேக்பெத்துக்குள்தான் இருந்தார்கள்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. ஷேக்ஸ்பியரை நம் காலத்து முற்போக்குவாதியாக்கிக் கட்டுரை எழுதுவதும் கைடு எழுதுவதைப் போலவே சுலபம். மேக்டஃப் அந்த வரியில் நின்றுவிடுவதில்லை. கொஞ்ச நேரத்தில் ‘கண்களால் பெண்ணாக நடிக்க என்னால் முடியும்’ என்று அழுகையைப் பெண்ணின் கணக்கில் எழுதிவிட்டு வாளைக் கேட்கிறான். ‘இந்தப் பாட்டுதான் ஆண் பாட்டு’ என்று மால்கம் மெச்சுகிறான். கதவு திறந்து மூடிக்கொள்கிறது. ஐந்தாம் அங்கத்தின் கடைசிக் காட்சியில் மால்கமுக்காகப் போரிடும் ஆங்கிலத் தளபதி, கிழவர் சீவார்டிடம் மகன் செத்த செய்தி சொல்கிறார்கள்: ஆணாகும் வரைதான் வாழ்ந்தான், ஆணாகச் செத்தான் என்று. தகப்பன் கேட்பது ஒரே கேள்வி, காயம் முன்பக்கமா? முன்பக்கம்தான் என்று தெரிந்ததும் சரி, கடவுளின் படைவீரனாகப் போகட்டும் என்று முடித்துக்கொள்கிறார். ‘இன்னும் துக்கப்பட அவன் தகுதியானவன்’ என்று மால்கம் சொல்ல, ‘அதற்கு மேல் தகுதியில்லை’ என்கிறார் தகப்பன். முன்பு ஆணைப் போல எதிர்கொள் என்ற அதே மால்கம் இப்போது துக்கத்தின் பக்கம் நிற்பதைக் கவனியுங்கள். இதற்குள் மேக்பெத்தின் வெட்டிய தலையோடு மேக்டஃப் உள்ளே வருகிறான். சீவார்டா மால்கமா, யார் சொல்வது சரி என்று நாடகம் தீர்ப்புச் சொல்வதில்லை. தீர்ப்பு இல்லாத இடத்தில்தானே நல்ல தேர்வுக் கேள்வி கிடைக்கும்?

‘இதெல்லாம் இன்றைய கோட்பாடு, பாலினம் பாலினம் என்று எல்லாவற்றிலும் ஒட்டவைக்கிறார்கள்’ என்று குழுவில் சிலர் சொல்லக்கூடும். அந்தக் காலத்துக்காரர்கள் இதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்ததுபோலப் பேசுவது உண்மைக்கு மாறானது. கவலைப்பட்டார்கள், தூக்கம் கெடும் அளவுக்குக் கவலைப்பட்டார்கள். ஆண் உடம்பு சூடும் வறட்சியும், பெண் உடம்பு குளிர்ச்சியும் ஈரமும் என்பது அன்றைய மருத்துவம். வித்தியாசம் அளவில் என்றால் அளவு கூடவோ குறையவோ செய்யலாம். ஒரு துள்ளலில் உடம்பு மாறி ஆணாகிவிட்ட மேரி என்ற பெண்ணைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர் மோன்டேன் தன் கட்டுரையில் எழுதுகிறார். காதலில் விழுந்த ஆண் பெண்ணாக இளகிவிடுவான் என்ற பயமும் பரவலாக இருந்தது. நண்பன் மெர்குஷியோ தன் பொருட்டுக் குத்துப்பட்டதும் ரோமியோ ஜூலியட்டின் அழகைத்தான் குறை சொல்கிறான், அது தன்னை இளக்கிவிட்டதாம். அந்தப் பழியைத் துடைக்கத்தான், குத்தியவனான ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டைக் கொல்கிறான், அந்தக் கொலைதான் காதலர்களைப் பிரிக்கிறது. காதல் நாடகம் என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அது திசைமாறும் இடமே இதுதான். பெண்கள் ஆணைப் போலத் தொப்பியும் மேல்சட்டையும் போட்டு, முடியை வெட்டிக்கொண்டு, சிலர் குத்துவாளும் வைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்று 1620-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் லண்டன் பாதிரிமார்களைப் பிரசங்க மேடையில் கண்டிக்கச் சொன்னார். அதே ஆண்டில் ஆண்மைப் பெண், பெண்மை ஆண் என்று இரண்டு துண்டுப் பிரசுரங்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு வெளிவந்தன. கோட்பாடு நம்முடையதாக இருக்கலாம், தலைவலி அவர்களுடையது.

தலைவலிக்குப் பெரிய காரணம் மேடையே. நம் பாடத்திட்டத்தில் ‘எலிசபெத் கால அரங்கு’ என்று முதல் அலகில் ஒரு தலைப்பு உண்டு. அதில் பெண் வேடங்களைப் பையன்கள் போட்டார்கள் என்று ஒரு வரி. படித்துவிட்டு மறந்துவிடும் வரி. அதை எடுத்து நாடகத்துக்குள் வைக்க வேண்டும் என்பது என் இரண்டாவது கோரிக்கை. அந்தப் பையன்கள் தொழில் கற்கும் சீடர்கள். ஷேக்ஸ்பியரின் நாடகக் கம்பெனியைச் சேர்ந்த ஜான் ஹெமிங்ஸ் லண்டன் மளிகை வணிகர் சங்கத்தில் உறுப்பினர் என்பதால், நடிக்க வந்த பையன்களை அந்தச் சங்கத்தின் பேரிலேயே சீடர்களாகப் பதிந்துகொண்டார். காகிதத்தில் மளிகை பழகுகிறான், மேடையில் டெஸ்டிமோனா. ஆணுக்குப் பெண் உடை ஆகாது என்ற பைபிள் வசனத்தை வைத்து ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ரெய்னால்ட்ஸ் 1599-இல் ஒரு புத்தகமே போட்டார். 1633-இல் வில்லியம் பிரின் ஆயிரம் பக்கம் தாண்டி நாடகத்தைத் திட்டினார். ராணியையே தாக்கியதாக எடுத்துக்கொண்டு அவர் காதை அறுத்தது அரசு. வேடம் உள்ளே இறங்கிவிடும், பையன் பையனாகத் திரும்ப மாட்டான் என்பதுதான் அவர்கள் பயம்.

பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள்? 1610-இல் ஷேக்ஸ்பியரின் கம்பெனி ஆக்ஸ்ஃபோர்டில் ஒதெல்லோ போட்டது. பார்த்த ஹென்றி ஜாக்சன் என்பவர் லத்தீனில் ஒரு கடிதம் எழுதினார். கட்டிலில் செத்துக் கிடந்த டெஸ்டிமோனா முகத்தாலேயே பார்ப்பவர்களின் இரக்கத்தைக் கேட்டாள் என்கிறார். கேட்டாள் என்று பெண்பாலில்தான் எழுதுகிறார்; நடித்த பையனைப் பற்றி மூச்சு விடவில்லை. அவருக்கு அது பெண்தான். இதே நாடகத்தில் ஒதெல்லோவைப் பார்த்து, மனைவி மேல் அவனுக்குச் சந்தேகம் ஊட்டும் இயாகோ ‘நீ ஆணா? உனக்கு ஆத்மா இருக்கிறதா?’ என்றும், பிறகு ‘ஆணாக இரு’ என்றும் சீண்டிக்கொண்டே இருக்கிறான். ஆண் வேடத்தில் இருக்கும் ஆண் தான் ஆண்தான் என்று நிரூபிக்க முடியாமல் தவிக்க, பெண் வேடத்தில் இருக்கும் பையன் எந்த நிரூபணமும் இல்லாமல் பெண்ணாக அழுகையை வரவைத்துவிடுகிறான். இதைவிட மேலான முரண் ஒரு வகுப்பறைக்கு எங்கே கிடைக்கும்?

நம் மாணவர்களுக்கு இது புரியாது என்று சொல்ல முடியாது. ஸ்திரீபார்ட் என்றால் என்னவென்று இன்றும் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. இதே சோக நாடகங்களையே ஆண்கள் பெண் வேடம் கட்டித் தமிழில் ஆடியிருக்கிறார்கள். பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்தனாகவும் மேக்பெத்தை மகபதியாகவும் எழுதினார். 1891-இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபையில் பெண் வேடங்களில் பேர் வாங்கியவர் சி. ரங்கவடிவேலு, அவர் வக்கீல். இங்கிலாந்தில் 1660-லேயே தொழில்முறை மேடையில் பெண் டெஸ்டிமோனாவாக வந்துவிட்டார், மன்னராட்சி மீண்ட கையோடு. சென்னையின் கதை வேறு. அலகு ஒன்றின் அந்த ஒரு வரியோடு இதையும் சேர்த்தால் குறிப்பெடுக்கும் கைகள் நிமிர்ந்து பார்க்கும்.

‘ஆண்டனியும் கிளியோபாட்ராவும்’ இல்லாமல் இதைப் பேச முடியாது. ரோமத் தளபதி ஆண்டனியைக் குடிக்கவைத்துப் படுக்கையில் சாய்த்து, தன் தலையணியையும் மேலாடையையும் அவனுக்குப் போட்டுவிட்டு, ஃபிலிப்பி போரில் அவன் வெல்ல ஏந்திய வாளைத் தான் கட்டிக்கொண்டதை கிளியோபாட்ரா சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறாள். ரோமில் இருக்கும் ஆக்டேவியஸ் சீசருக்கு அதே விஷயம் அருவருப்பு: அவன் அவளைவிட ஆண் இல்லை, அவள் அவனைவிடப் பெண் இல்லை என்கிறான். கடைசி அங்கத்தில் சாவதற்கு முன் கிளியோபாட்ரா ஒரு பயம் சொல்கிறாள். ரோமுக்குக் கொண்டுபோனால் கூத்தாடிகள் எங்கள் கதையைப் போடுவார்கள், கீச்சுக் குரலில் ஒரு பையன் என் மகிமையை வேசியின் தோரணையில் ஆடிக் கெடுப்பான் என்று. இதைச் சொல்லும் நேரத்தில் மேடையில் நிற்பதே ஒரு பையன்தான். ஷேக்ஸ்பியர் தன் நடிகன் மேல் வைத்த நம்பிக்கைக்கு அளவே இல்லை. ஒரு குரல் பிசகினால் சோக நாடகம் கேலிக்கூத்தாகிவிடும் இடம் அது.

ரோமப் போர்வீரன் ஒருவனின் கதையான ‘கோரியலேனஸ்’ நம் பாடத்திட்டங்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. இருந்தும் ஒரு காட்சியாவது சேருங்கள் என்று கேட்பேன், மேக்பெத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க. தாய் வலம்னியாவும் மருமகளும் தாழ்ந்த முக்காலிகளில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாய் சொல்கிறாள்: ஆண் குழந்தை பிறந்தது என்று முதலில் கேட்டபோது வந்த மகிழ்ச்சியைவிட, அவன் ஆண் என்று நிரூபித்தபோது வந்த மகிழ்ச்சி பெரிது. ட்ராய் வீரன் ஹெக்டருக்குப் பால் கொடுத்த தாய் ஹெகூபாவின் மார்பைவிட, ரத்தம் பீறிட்ட ஹெக்டரின் நெற்றி அழகு. பேரன் ஒரு பட்டாம்பூச்சியைத் துரத்திப் பிடித்துக் கடித்துக் குதறியதை வீட்டுக்கு வந்த பெண்மணி சொல்ல, ‘அப்பனைப் போலவே’ என்று பாட்டி பூரிக்கிறாள். மகன் உடம்பில் காயங்கள் எத்தனை என்று கணக்கு வைத்திருக்கிறாள்: இருபத்தைந்து. குடும்ப நண்பர் மெனீனியஸ் திருத்துகிறார், இப்போது இருபத்தேழு.

இப்படி வளர்த்த பிள்ளையிடம் அப்புறம் ஓட்டுக் கேட்கச் சொல்கிறார்கள். சந்தையில் நின்று காயங்களைக் காட்டி மக்களிடம் கும்பிட வேண்டும். என் போர்க்குரல், அலியின் குரலாக, குழந்தையைத் தூங்கவைக்கும் கன்னியின் குரலாக மெலியட்டுமா என்று துடிக்கிறான். முடியவில்லை, ரோம் அவனை விரட்டுகிறது. எதிரிகளோடு சேர்ந்து திரும்ப வந்து ரோமை எரிக்க நிற்கும்போது தாய் வந்து மன்றாடுகிறாள். அவன் பேசாமல் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். அவனை ஆணாக்கியவளும் அவள்தான், கடைசியில் இளகவைப்பவளும் அவள்தான். அதற்கு விலையாக எதிரித் தலைவன் ஆஃபிடியஸ் எல்லோர் முன்பும் ‘அழுமூஞ்சிப் பையா’ என்கிறான். துரோகி என்றதைக்கூடப் பொறுத்தவன், பையன் என்றதைப் பொறுக்காமல் வெடிக்கிறான். ‘பையனா? உங்கள் ஊருக்குள் தனியாளாகப் புகுந்து அடித்தவன் நான். பையனா?’ அந்தக் கோபத்தில்தான் அவனை வெட்டிச் சாய்க்கிறார்கள். இதே மனிதனைப் பற்றி முன்பு தளபதி புகழ்ந்து பேசுகிறார்: மேடையில் பெண் வேடம் போடக்கூடிய பதினாறு வயதிலேயே போர்க்களத்தில் முதல் ஆணாக நின்றவன் என்று. பையன்கள் பெண் வேடம் போடும் அரங்கில் இதைக் கேட்டவர்களுக்கு, அவன் எதிலிருந்து இத்தனை வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறான் என்று விளக்க வேண்டியிருந்திருக்காது.

ஷேக்ஸ்பியர் காலத்து மார்லோவின் ‘இரண்டாம் எட்வர்டு’ நாடகம் பற்றிச் சுருக்கமாக ஒன்று. அரசன் கேவ்ஸ்டனை நேசிப்பதுதான் பிரபுக்களின் பிரச்சினை என்று வேகமாகச் சொல்லிவிட்டு, தயக்கத்தோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் பிரபுக்களில் ஒருவரான மூத்த மார்ட்டிமர் சொல்வதைப் படித்துக்காட்டுவதில்லை. அலெக்சாண்டர் ஹெஃபைஸ்டியனை நேசித்தான், அக்கிலீஸ் பட்ரோக்லஸுக்காக வாடினான், சாக்ரடீஸுக்கு அல்சிபயடீஸ் இருந்தான், பெரிய மன்னர்களுக்கெல்லாம் இப்படி உண்டு, விடு என்கிறார் அவர். இளைய மார்ட்டிமரின் பதில்: அரசனின் அந்த ஆசை என்னை வருத்தவில்லை, கீழ்க்குலத்தில் பிறந்த ஒருவன் இப்படி மேலே ஏறுவதைத்தான் சகிக்க முடியவில்லை. குலம் என்று வந்ததும் நம் வகுப்பறைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. வெப்ஸ்டரின் ‘டச்சஸ் ஆஃப் மால்ஃபி’யும் அப்படித்தான். விதவை, தன் வீட்டுக் காரியஸ்தனைத் தானே கேட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறாள், அண்ணன்மார் கொல்கிறார்கள். ஆணவக் கொலை என்ற சொல் தெரிந்த மாணவர்களிடம் அந்த நாடகத்தை ‘பழிவாங்கும் நாடக மரபு’ என்று மட்டும் நடத்துவது பெரிய வீணடிப்பு. கேள்வி எப்போதும் டச்சஸின் துணிச்சல் பற்றியே வருகிறது. அவளோடு இரட்டையாகப் பிறந்த ஃபெர்டினாண்டைக் கேளுங்கள். தங்கையின் உடம்புக்குள் தன் மானத்தைக் கொண்டுபோய் வைத்துப் பூட்டியவன், அவளைக் கொன்றபின் ராத்திரியில் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள சந்தில் பிணத்தின் காலைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறான். தான் ஓநாய் என்கிறான். ஓநாய்க்கு ரோமம் வெளியே, தனக்கு உள்ளே, அதுதான் வித்தியாசம் என்கிறான். இந்த ஒரு வரிக்கு எட்டு மார்க் தரலாம்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? புதுத் தாள் கேட்கவில்லை, புது நாடகமும் கட்டாயமில்லை. ‘ஆண்மையியல்’ என்று விருப்பப்பாடம் ஒன்றைத் தொடங்கி ஓரமாக ஒதுக்கிவிட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். ஓரமாகப் போனால் எடுப்பவர்கள் ஏற்கெனவே யோசிப்பவர்களாக மட்டும் இருப்பார்கள். இருக்கிற மேக்பெத்திலேயே, இருக்கிற கேள்வித்தாளிலேயே கேட்டால் போதும். ‘ஓர் ஆணுக்கு எது தகும் என்பதில் மேக்பெத்தும் மேக்டஃபும் எங்கே வேறுபடுகிறார்கள்?’ ‘சீவார்டும் மால்கமும் ஒரே சாவுக்கு ஏன் இரு வேறு அளவில் துக்கப்படுகிறார்கள்?’ ‘லேடி மேக்பெத் வேடத்தைப் பையன் ஒருவன் ஆடியது என்ற செய்தி, அவள் ஆவிகளிடம் கேட்கும் வரத்தின் பொருளை எப்படி மாற்றுகிறது?’ மூன்றுக்கும் விடை உரைக்குள்ளேயே இருக்கிறது, கைடில் இல்லை. அதனால் முதல் இரண்டு வருஷம் தேர்ச்சி விகிதம் கொஞ்சம் இறங்கும் என்று யாராவது கவலைப்பட்டால் அது நியாயமான கவலைதான். முதலில் இன்டர்னலில் கேட்டுப் பழக்கிவிட்டுப் பிறகு செமஸ்டருக்குக் கொண்டுவரலாம்.

வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள், கூச்சப்படுவார்கள் என்ற பேச்சும் வரும். சிரிப்பார்கள்தான். பெண் வேடம் போட்ட பையன் என்றதும் முதல் ஐந்து நிமிடம் ஒரே ரகளை. அதற்குப் பிறகு ரகளை செய்தவர்களே கேட்கும் கேள்விகளுக்கு நான் பதில் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆணென்றோ பெண்ணென்றோ தன்னைச் சொல்லிக்கொள்ளத் தயங்கும் மாணவர் ஒருவர் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அவருக்கு நாம் லேடி மேக்பெத்தின் மேல் எந்த இன்றைய அடையாளத்தையும் ஒட்டிக்காட்ட வேண்டியதில்லை, ஒட்டாது. இந்த விஷயம் நானூறு வருஷத்துக்கு முன்னாலும் அரங்கம் நிறைய ஆட்களை உட்காரவைத்துப் பேசப்பட்டது என்று தெரிந்தாலே போதும்.

கடைசியாக, விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அனுப்பும் கீ, அதாவது விடைக்குறிப்பு. மேக்பெத் கேள்விக்கு ‘பேராசை, சூனியக்காரிகள், மனைவி’ என்று மூன்று பாயின்ட் போட்டு, அவை இல்லாவிட்டால் மார்க் குறைக்கச் சொல்லும் கீயை நானும் வைத்துத் திருத்தியிருக்கிறேன். ‘ஆண் என்று நிரூபிக்கும் அவசரம்’ என்று எழுதும் மாணவருக்கு, வரி எடுத்துக்காட்டி எழுதியிருந்தால், முழு மார்க் போடலாம் என்று ஒரு வாக்கியத்தை அடுத்த கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள். நாலாம் அங்கம் மூன்றாம் காட்சியின் அந்தப் பத்து வரிகளை வரிகளைக் கொடுத்து விளக்கம் கேட்கும் அனடேஷன் பகுதியிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கேள்விகளை இன்னும் நிறைய எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமென்று சொன்னால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஷேக்ஸ்பியர் தாள் எடுக்கும் ஓர் ஆசிரியை